சிப்பின் இடப் பாதி

என் மனைவிக்கு வேலை கைகூடி வருகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அவளுக்கே தெரியும். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலைதான் பார்க்கிறோம். கேமராவுக்குள் படம் விழுகிற சிப் இருக்கிறதல்லவா, அதை வடிவமைக்கிற வேலை. கைபேசியில் இருக்கும் சாதாரணச் சிப் இல்லை. ஒரு நொடிக்குப் பத்து லட்சம் படம் எடுக்கிற கேமராவுக்கானது. கண்ணாடியில் விரிசல் ஓடுவது, தீப்பொறி பாய்வது என்று கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற காரியங்களைப் பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் வாங்குவார்கள். நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. நாங்கள் தச்சநல்லூரில், வீட்டு மாடியில், எதிரெதிரே இரண்டு அறைகளில் உட்கார்ந்து பிக்சல் வரைகிறோம். யாராவது கேட்டால் நான் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். அவள் அப்படி விடமாட்டாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி கேட்டாலும் பிக்சல் என்றால் என்ன என்று ஆதியிலிருந்து ஆரம்பிப்பாள். அந்த அம்மாளும் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அவளை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். கல்யாணத்தின்போது அவள் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சம்பளம் வந்த மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. எங்கள் குழுத் தலைவரிடம் நானே பேசி, நேர்காணலுக்கு நானே பாடம் சொல்லிக்கொடுத்து, உள்ளே சேர்த்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

நான் காலையில் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்தேன் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். ஒரு கோட்டை இந்தப் பக்கம் நகர்த்தி ஓட்டிப் பார்ப்பேன், அந்தப் பக்கம் நகர்த்தி ஓட்டிப் பார்ப்பேன். அவள் செடிக்குத் தண்ணீர் விடுவாள், பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பாள், அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே அவரைக்காய்க்கு நார் உரிப்பாள். அப்புறம் ஏதோ மறந்துபோன சாமானை எடுக்கப் போகிறவள் மாதிரி அறைக்குள் போவாள். நான் ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருந்தது சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்திருக்கும். கூட்டங்களில் தலைவர் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம் என்ன நினைக்கிறாங்க?" என்பார். மேடம் அந்தக் கூட்டத்தில் இல்லாத நாளிலும் என்னிடம் அப்படித்தான் கேட்பார். நான் மேடத்தின் தபால்காரன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

பிக்சல் என்பது வெளிச்சம் விழுகிற ஒரு சின்னக் கட்டம். வெளிச்சம் பட்டதும் அதற்குள் எலக்ட்ரான்கள் பிறக்கும். அவற்றை ஒரு மூலைக்குக் கூட்டிவந்து, பக்கத்திலுள்ள ஒரு சிற்றறைக்குள் அடைத்துவிட்டு, அடுத்த படத்துக்குக் கட்டத்தைத் துடைத்துக் காலியாக வைக்க வேண்டும். இவ்வளவும் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் நடந்தாக வேண்டும். கட்டத்தின் தூர ஓரத்தில் பிறந்த எலக்ட்ரான் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் அடுத்த படம் ஆரம்பித்துவிடும். முந்தின படத்தின் மிச்சம் பிந்தின படத்தில் பேய் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் தொழிலைப் பிடித்த தீராத வியாதி இது.

இதற்கு என்னிடம் ஒரு வைத்தியம் இருந்தது. கட்டத்தின் மேல் வரிசையாக மின்வாய்கள் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் கொடுத்து, எலக்ட்ரான்களை மூலைக்குத் தள்ளுவது. இரண்டு வருஷம் அதைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "எதுக்கு அத்தான் தள்ளுதீங்க? வாட்டம் வச்சா தானா ஓடிரும்லா" என்றாள். குளியலறைத் தரைக்குக் கொத்தனார் வைக்கிற வாட்டம். சிலிக்கானுக்குள் சேர்க்கிற கலப்புப் பொருளை ஓரத்தில் குறைவாகவும் மூலைக்கு வர வர அதிகமாகவும் வைத்துவிட்டால் உள்ளேயே ஒரு சரிவு வந்துவிடும், எலக்ட்ரான் தானாகச் சறுக்கிக்கொண்டு வரும் என்கிறாள். புத்தகத்தில் எல்லாரும் எழுதியதுதான், தொழிற்சாலையில் அவ்வளவு நுணுக்கமாகக் கலக்க முடியாது என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த மாதக் கடைசியில் கலப்பு விழ வேண்டிய இடத்தை விசிறிக் குச்சிகள்போலக் கூராக்கி வரைந்து கொண்டுவந்து காட்டினாள். கலப்பு ஒரே அளவுதான், வடிவம்தான் சரிவைக் கொண்டுவருகிறது. 

கணக்குப் போட்டுப் பார்த்ததில் இரண்டு வழியும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் வந்தது. தலைவர் ஒரு தீர்ப்பு சொன்னார். சோதனைச் சிப்பை நடுவில் பிரித்து ஒரு பாதியில் என் பிக்சலும் மறுபாதியில் அவள் பிக்சலும் போட வேண்டும். சிப் வந்ததும் இரண்டு பாதியும் ஒரே காட்சியை எடுக்கட்டும். பேய் எந்தப் பாதியில் குறைவோ, அந்தப் பிக்சல் புதிய கேமராவுக்குப் போகும்.

இதில் எனக்கு என்ன அவ்வளவு வேகம் என்று தோன்றலாம். நான் இந்தத் தொழிலில் தலை நரைத்தவன். ஆனால் என் பிக்சல் ஒன்றுகூட எந்தக் கேமராவுக்குள்ளும் போனதில்லை. இத்தனை வருஷமும் அடுத்தவர் பிக்சலுக்குக் கம்பி இழுத்தேன், அடுத்தவர் பிக்சலைப் படிக்கும் சுற்றை வரைந்தேன். கல்யாண வீட்டில் பந்தல் போடுகிறவன் மாதிரி. ஒரே ஒரு கேமராவில், ஒரே ஒரு பிக்சல் என்னுடையதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. இதில் தோற்றால் அடுத்த வாய்ப்பு என் வயதுக்கு வராது.

மூத்தவன் என்பதால் எந்தப் பாதி வேண்டும் என்று என்னைத்தான் முதலில் கேட்டார்கள். இடது என்றேன். "இடப்பக்கம் அம்பாளுக்குல்லா அத்தான்?" என்றாள் அவள். சிப்புக்கெல்லாம் சாஸ்திரம் கிடையாது என்றேன்.

சிப் வந்தபோது பெங்களூரில் ஆய்வுக்கூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் சோதனையை வீட்டிலேயே செய்துவிடுங்கள் என்று பலகை, லென்ஸ், ஒளிவிளக்கு எல்லாவற்றையும் பெட்டிபெட்டியாக அனுப்பிவிட்டார்கள். சிப்பிலிருந்து எண்களைப் படித்தெடுக்கும் நிரல் என்னுடையது. அதைத் திரையில் படமாகக் காட்டும் நிரல் அவளுடையது. முதலில் லென்ஸ் போடாமல் என் நிரலை மட்டும் வைத்துச் சிப்பைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு பாதியும் உயிரோடு இருந்தன. என் பாதியின் கீழ் ஓரத்தில் ஒரே ஒரு பிக்சல் மட்டும் பழுது. இருட்டிலும் அது வெள்ளையாக மினுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை ஆயிரத்தில் ஒன்று போனால் யாரும் கவலைப்படுவதில்லை. அவள் பாதியில் ஒன்றுகூடப் போகவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

எதைப் படம் எடுப்பது என்று யோசித்தபோது நூல் என்று சொன்னவள் அவள்தான். என் மாமனார் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இப்போது சேரன்மகாதேவியில் இருக்கிறார். அவரிடம் கேட்டு ஒரு கண்டு பருத்தி நூல் வாங்கி வந்திருந்தோம். கொடுக்கும்போது, "அறுந்த நூலை முடிஞ்சுதான் என் காலம் போச்சு மாப்ள. அது எப்படி அறுகுதுன்னு ஒருநாள் எனக்கும் காட்டுங்க" என்றிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் மாடியில் ஜன்னலையெல்லாம் மூடிவிட்டு நூலைக் குறுக்காக இழுத்துக் கட்டினோம். நடுவில் பிளேடால் லேசாகக் கீறிவிட்டால் அங்கேதான் அறுகும். அறுந்ததும் ஒரு முனை இடதுபக்கம் பறக்கும், மறுமுனை வலதுபக்கம் பறக்கும். பாதிக்கு ஒரு முனை, யாருக்கும் வஞ்சகமில்லை. பின்னால் ஒளிவிளக்கு. இந்தக் கேமராவுக்கு எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் பற்றாது. எதிர்வீட்டு அண்ணாச்சி கீழிருந்து, "மாடியில வெல்டிங் வச்சிருக்கியளா?" என்று கேட்டார்.

நான் நூலை இறுக்கும் திருகாணியைப் பைய முறுக்கினேன். நூல் அறுந்தது. விளக்கு ஒரு வெட்டு வெட்டியது. அவள் லென்ஸுக்கு மூடி போட்டு, வழக்கம்போல ஒரு இருட்டுப் படமும் எடுத்துக் கடைசியில் சேர்த்தாள். எதை எடுத்தாலும் கடைசியில் மூடியைப் போட்டு ஒன்று எடுத்து வைப்பது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. சிப்பின் சொந்தக் கோளாறு எவ்வளவு என்று அதில்தான் தெரியும். நான் அதற்குக் காத்திருக்கவில்லை. திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து படத்தை ஓட்டினேன்.

வெள்ளை வெளேரென்ற பின்னணியில் கறுப்பாக நூல். நடுவில் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. ஒரு கணம் இரண்டே இரண்டு இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அப்புறம் அதுவும் போயிற்று. இடதுபக்கம் ஓடிய முனையில் சிலிர்த்து நின்ற பஞ்சுப் பிசிர்கூட எண்ணுகிற மாதிரி தெரிந்தது. வலதுபக்கம் ஓடிய முனைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வால். பேய். இன்னொரு நூலைக் கட்டி மறுபடியும் அறுத்தேன். மறுபடியும் இடது சுத்தம், வலதில் வால்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து போய் அவள் தலையில் கை வைத்து, "பரவால்லட்டி" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "நல்லா வந்திருக்கு அத்தான்" என்று மட்டும் சொன்னாள். தோற்றவள், வேறு என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன். தலைவருக்குத் திங்கட்கிழமை நிதானமாக எழுதிக்கொள்ளலாம், முதலில் மாமனாருக்குக் காட்டுவோம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, அவளையும் காரில் ஏற்றிக் கிளம்பிவிட்டேன்.

மாமியார் வீட்டுக்கு எப்போதும் கைவீசிக்கொண்டு போகிறவன் அன்றைக்குப் பழக்கடையில் நிறுத்தி ஒரு சீப்பு கோழிக்கூட்டுப் பழம் வாங்கினேன். பேட்டை தாண்டியதும் அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். உன் யோசனை தப்பில்லை என்றேன். வாட்டம் வைப்பது அழகான வழி, தொழிற்சாலைதான் அதற்கு இன்னும் தயாராகவில்லை என்றேன். அடுத்த சிப்பில் என் மின்வாய்களோடு உன் விசிறியையும் சேர்த்து ஏதாவது செய்யலாம், உன் பெயரையும் கண்டிப்பாகப் போடச் சொல்கிறேன் என்றேன். அவள் வயலைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினாள். வழியில் மாடு குறுக்கே வந்தது. நான் ஹார்ன்கூட அடிக்கவில்லை.

அத்தை தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்திருந்தாள். நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு என்ன, முகமெல்லாம் பூத்துக் கிடக்கு?" என்றாள் அத்தை. ஒரே சிப்பில் உங்கள் மகளும் நானும் ஆளுக்குப் பாதி போட்டோம், இன்றைக்கு என் பாதி ஜெயித்துவிட்டது என்று விளக்கினேன். மகள் தோற்றதைச் சொல்கிறோமே என்ற கூச்சத்தில், அவளும் நன்றாகத்தான் செய்திருந்தாள் என்று சேர்த்துக்கொண்டேன். இரக்கம் காட்டுவது இவ்வளவு ருசியான காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சாப்பிட்டதும் மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படத்தை ஓட்டினேன். "இம்புட்டு நேரமாவா அறுகுது?" என்றார். "பாவம், கடைசிவரைக்கும் பிடிச்சுக்கிட்டுல்லா கிடக்கு." இடது முனையைத் தொட்டுக் காட்டி, இதுதான் உங்கள் மாப்பிள்ளை என்றேன். அவர் தலையாட்டினார். காலையில் நான் பாதியிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்த்த படத்தை அவருக்காகக் கடைசிவரை ஓடவிட்டேன். கடைசியில் இருட்டுப் படம் வந்தது. திரை முழுக்கக் கறுப்பு. "முடிஞ்சுதா மாப்ள?" என்றார்.

கறுப்பில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. வலதுபக்கம், மேல் ஓரத்தில்.

அது என் பழுதுப் பிக்சல். இடதுபக்கம் கீழ் ஓரத்தில் இருக்க வேண்டியது வலதுபக்கம் மேலே இருந்தது. லென்ஸ் எந்தக் காட்சியையும் தலைகீழாகத்தான் சிப்பில் விழவைக்கும், இடம் வலமாக, மேல் கீழாக. அதனால் திரையில் காட்டும்போது படத்தை அரைச் சுற்றுத் திருப்பிவிடுவார்கள். அவள் நிரல் அதைத்தான் செய்திருக்கிறது. இது நாங்கள் முதல் மாதம் படிக்கிற பாடம். நேர்காணலுக்கு அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். குறுக்காக ஓடும் நூலில் எது மேல், எது கீழ் என்று தெரியாது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் புள்ளியும் தெரியாது. திரையின் இடது என்றால் சிப்பின் வலது. பஞ்சுப் பிசிரை எண்ணிக் காட்டிய பாதி அவளுடையது. வால் என்னுடையது.

முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் நான் கொண்டுவந்த பழத்தில் ஒன்றை உரித்து அவள் அப்பாவிடம் நீட்டினாள். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்குக் காலையிலிருந்தே தெரியும் என்று.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆற்றுப் பக்கம் திரும்பும்வரை சாலையைப் பார்த்து ஓட்டினேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"எப்ப பாத்த?"

"மூடி போட்டு எடுத்தேன்லா, அப்பவே."

"அப்பவே சொல்லுததுக்கு என்ன?"

"சொல்லத்தான் வந்தேன் அத்தான். நீங்க எந்திரிச்சு வந்து தலையில கைவச்சு, பரவால்லட்டின்னீங்க. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நீங்க எனக்கு அப்படி ஆறுதல் சொன்னதில்ல. அதுக்குமேல சொல்ல வாய் வரல."

நான் கியரை மாற்றினேன். அவள் தொடர்ந்தாள். "எங்கம்மாட்ட கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. அப்பாக்கு அவ்வளவு பொறுமையாச் சொல்லிக் கொடுத்தீங்க. மாட்டப் பாத்துக்கூடத் திட்டல. ஜெயிச்சா நீங்க எவ்வளவு நல்லா இருக்கீங்க அத்தான். ஒரு நாள் முழுசா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். பேட்டை வருவதற்குள் தூங்கியும் போனாள்.

தோற்றதைக்கூட நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். என் வெற்றியை அவள் எனக்குப் பிச்சையாகப் போட்டிருக்கிறாள், அதை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். அதற்கும் மேலே ஒன்று உறுத்தியது. நானாக இருந்தால் ஜெயித்ததை ஐந்து நிமிஷம் வாய்க்குள் வைத்திருக்க முடிந்திருக்காது. எதிர்வீட்டு அண்ணாச்சிவரை போயிருக்கும். அவளோ கையில் வெற்றியை வைத்துக்கொண்டு, தோற்றவனிடம் ஆறுதல் கேட்டு, உம் கொட்டி, சொதி பரிமாறியிருக்கிறாள். பிக்சல் வரைவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று பொறாமைப்பட எனக்குப் பழகிவிட்டது. என்னைவிட நல்லவள் என்று பொறாமைப்பட அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். இது முன்னதைவிட அதிகமாக எரிகிறது.

மறுநாள் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டிவைத்து, வீட்டிலிருந்த நூல் தீரும்வரை அறுத்துப் பார்த்தேன். கேமராவைக் கவிழ்த்ததும் வால் நூலின் மறுமுனைக்கு மாறி என் பாதியோடேயே போயிற்று. அவள் எனக்கு நூல் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை நானே தலைவருக்கு எழுதினேன். வலப் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மேடத்துக்கு வாழ்த்துச் சொல்லி அவர் பதில் போட்டார். அதன் கடைசி வரியில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. மேடத்தின் பிக்சலுக்குச் சிக்னல் கொண்டுபோகும் கம்பிகளை நான் வரைய வேண்டும், அனுபவசாலி நான்தானாம்.

மாமனார் போனில், "யாருதா இருந்தா என்ன மாப்ள, ரெண்டும் ஒரே வீடுதான" என்றார். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். பெண்டாட்டி ஜெயித்தால் புருஷன் ஜெயித்த மாதிரி என்கிறார்கள். அவர்களில் ஒருவனும் பெண்டாட்டியோடு ஒரே தொழில் பார்த்தவன் இல்லை.

இப்போது அந்தக் கம்பிகளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒழுங்காகத்தான் வரைகிறேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. புதிய சிப்பில் ஆளுக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அவள் பிக்சல்தான். இடமா வலமா, மேலா கீழா என்று இனி நான் ஏமாற வழியில்லை. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவளுடையதுதான்.